பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்

என் கட்டிலுக்குக் கீழே பல வருடங்களாக ஒரு றங்குப் பெட்டி கிடந்தது. அதற்குள் நகையும் இல்லை, காணி உறுதியும் இல்லை. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளராக இருந்த காலத்தில் நான் எழுதிய மனுக்களின் பிரதிகள் இருந்தன. மை மங்கிய காபன் தாள்கள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள், கூட்டக் குறிப்புக் கொப்பிகள். "இதெல்லாம் இனி ஆருக்கப்பா? எரிச்சுவிடுங்கோவன்" என்று மகள் வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். நான் எரிக்கவில்லை. எழுபத்தாறு வயதில் இளம் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பாடம்தான் உண்டு. அது அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

அதற்கு முந்திய கொப்பிகள் என்னிடம் இல்லை. 1990இல் போரால் யாழ்ப்பாணத் தீவகத்தை விட்டு வெளியேறியபோது பிள்ளைகளைத் தூக்கினோம், கையில் அகப்பட்ட உடுப்பை எடுத்தோம். வாசிகசாலை அலுமாரியை யாரும் நினைக்கவில்லை. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. எங்கள் அப்பன்மார் எந்த ஒழுங்கைக்காக யாரிடம் கேட்டார்கள், எந்தக் கிணற்றை எந்த வருடம் பொதுவாக்கினார்கள் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி மிஞ்சவில்லை. ஊர் தன் ஞாபகத்தை இழந்தால் ஒவ்வொரு வழக்கையும் முதலாம் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அன்றுதான் கண்டேன். ஆனாலும் பாடம் முழுதாக ஏறவில்லை. அதற்குத் தண்ணீர் உவர்க்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் வேலணைத் தீவில், மண்கும்பானையும் சாட்டியையும் அண்டியது. மண்கும்பான் என்ற பெயரே மணற்கும்பியைச் சொல்கிறது. தீவகத்தில் ஆறு கிடையாது, மலை கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி முடியப் பெய்கிற மழைதான் வருடம் முழுவதற்குமான குடிநீர். அந்த மழை மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் பாலில் ஆடை மிதப்பதுபோல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும். மேலே ஓர் அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மனியர் ஒருவரும் நூறு வருடத்துக்கு முன்பே கண்டு சொன்ன கணக்கு இது. ஆகவே எங்களுக்கு மணல் என்பது கட்டடப் பொருள் மாத்திரமாக இருக்க முடியாது. அது தண்ணீர்த் தாழி. மணலை அள்ளுகிறவன் தாழியின் விளிம்பை உடைக்கிறான்.

போர் ஓய்ந்து குடாநாடெங்கும் வீடு கட்டும் வேலை பெருகியபோது மணல் அள்ள இரவில் ரிப்பர் லொறிகள் வரத் தொடங்கின. ஒரு பங்குனி மாதம் அடுத்த வளவுப் பெரியம்மா வேலிக்கு மேலால் சொன்னா: "தம்பி, பருப்பு அவியுதில்லை. கிணத்துத் தண்ணி மாறிப் போச்சு." நான் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் சவர் நின்றது. அடுத்த நாள் சைக்கிளில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார், நான் சொன்னதெல்லாம் கேட்டார். "நான் பாத்துக்கொள்ளுறன் ஐயா, யோசிக்காமப் போங்கோ" என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. ஊருக்கு வந்து, விஷயம் முடிந்தது என்று எல்லாருக்கும் சொன்னேன்.

ஆறு மாதம் கழிந்தது. ரிப்பர்கள் நிற்கவில்லை. மறுபடி போனேன். அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் கோவையைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கட ஊரிலயிருந்து முறைப்பாடு ஒண்டும் வரேல்லையே ஐயா." அவர் பொய் சொல்லவில்லை. நான் வாயால் சொன்னேன், அவர்கள் காதால் கேட்டார்கள், சொன்ன சொல் காற்றோடு போயிற்று. அந்த ஆறு மாதத்தில் எத்தனை லோட் மண் போனதோ. அந்தப் பிழையில் பாதி என்னுடையது என்று இன்றும் நினைக்கிறேன்.

அன்று மாலை வாசிகசாலையில் கூடினோம். மாதர் சங்கத்துப் பெண்கள்தான் வழி சொன்னார்கள். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து நான்கு பத்தி கோடிட்டார்கள்: திகதி, நேரம், வாகன இலக்கம், போன திசை. ஒழுங்கை ஓரத்து நான்கு வீடுகள் முறை வைத்துக்கொண்டன. இன்னொரு கொப்பியில் கிணறுகள். வாளிக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, வெள்ளிக்கிழமை தோறும் ஏழு கிணற்றின் தண்ணீர் மட்டத்தைப் பெரியம்மாவே அளந்தா. அவ நாலாம் வகுப்புப் படித்தவ. இலக்கம் மட்டும் தவறாமல் எழுதுவா. மூன்று மாதம் கழித்து நான் மனு எழுதியபோது, 'மணல் அள்ளுகிறார்கள், நடவடிக்கை எடுக்கவும்' என்ற பழைய வரி தேவைப்படவில்லை. இன்ன திகதி, இன்ன மணிக்கு, இன்ன இலக்க வாகனம், இந்தக் கிணற்றில் இத்தனை முழம் இறக்கம் என்று இரண்டு பக்கம். மணல் அகழ 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி உரிமம் வேண்டும் என்பதையும் சேர்த்தேன். ஊரே கையெழுத்து வைத்தது. ஆறு இடங்களுக்குப் பதிவுத் தபாலில் போனது. ஒரு பிரதி பெட்டிக்குள் போனது.

அந்த மனுவால் தீவகத்தில் மணல் அகழ்வு ஒழிந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் விசாரிக்க ஆள் வந்தது. வந்தவர்கள் கொப்பியைப் பார்த்தார்கள். எங்கள் ஒழுங்கையால் ரிப்பர் போவது நின்றது. அதைவிடப் பெரிய மாற்றம் எங்களுக்குள் நடந்தது. கெஞ்சப் போகிறவர்களாக இருந்த நாங்கள் கணக்குக் கேட்கப் போகிறவர்களானோம்.

சிறிய ஊரின் சிறிய கதை இது என்று நினைப்பவர்கள் சுன்னாகத்தைப் பாருங்கள். அங்கே மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடியில் கலந்து, கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. சனம் போத்தலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீதிக்கு வந்தது. 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தவர் கலாநிதி ரவீந்திர காரியவசம். தெற்கைச் சேர்ந்த சிங்களச் சூழலியலாளர். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீரை மாசாக்கிய நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும், கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்களும் தங்கள் கடமையில் தவறின என்று நீதிமன்றம் சொன்னது. இழந்த தண்ணீருக்கு அந்தத் தொகை ஈடாகாது. ஆனாலும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்காகத் தெற்கில் இருந்து ஒருவர் வழக்காடினார் என்பதையும், அந்த வழக்கு வாய்ப்பேச்சில் நிற்காமல் நீர்ப் பரிசோதனை அறிக்கைகளின் மேல் நின்றது என்பதையும் என் பேரப்பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அதற்கும் முன்னால், எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் அநுராதபுரத்து விவசாயிகள் இதே நீதிமன்றத்துக்குப் போனார்கள். நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசு காவலாளி, மக்களும் அதில் பங்குள்ள காவலாளிகள் என்ற கருத்து 2000ஆம் ஆண்டில் வந்த அந்தத் தீர்ப்பில் வலுப்பெற்றது. நாங்களும் காவலாளிகள் என்றால் காவல் காக்கிற கடமையும் எங்களுக்கு உண்டு.

என் காலத்தில் எங்களுக்கு இல்லாத ஓர் ஆயுதம் உங்கள் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபையோ, பிரதேச செயலகமோ, அமைச்சோ, எந்தப் பொது அதிகாரசபையிடமும் எந்தக் குடிமகனும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுத இயலாதவர் வாயால் கேட்டால் அலுவலரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே ஆணைக்குழு இருக்கிறது. அலுவலகக் கதிரையில் தேத்தண்ணி குடித்து ஏமாந்த எனக்கு இந்தச் சட்டத்தின் அருமை தெரியும். எங்கள் வீதிக்கு ஒதுக்கிய காசு எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், எத்தனை அடி போட வேண்டும் என்று ஒரு பிள்ளை ஒரு பக்கக் கடிதத்தில் கேட்டுவிடலாம். கேட்பவர்கள்தான் குறைவு.

சட்டம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். எங்கள் கடலைப் பாருங்கள். இழுவைமடி கடலின் அடியைச் சுரண்டி, குஞ்சு, முட்டை, பாசி, கல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. இந்தியப் பக்கத்து றோலர்கள் வந்து போன இரவுக்கு அடுத்த விடியலில் நெடுந்தீவுத் தொழிலாளி அறுந்த வலையைத்தான் கரையில் இழுத்துப் போடுகிறான். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த திரு. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் 2017 யூலை 6ஆம் திகதி பாராளுமன்றத்தில் நிறைவேறி, இழுவைமடித் தொழில் இலங்கையில் தடை செய்யப்பட்டது. ஆனால் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்து என்று கேட்டு 2021 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை தொழிலாளர் படகுகளில் போக வேண்டி வந்தது. நாலு வருடம் முந்தி நிறைவேறிய சட்டத்துக்காக! சட்டம் தானாக நடக்காது. சங்கம் தோள் கொடுத்தால்தான் அது கரைக்கு வரும். இதில் இன்னொன்றும் உண்டு. இராமேஸ்வரத்துக் கூலித் தொழிலாளியும் தமிழன், ஏழை. அவனோடு பேசுவோம், ஆனால் எங்கள் கடலடியை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் சங்கத்தார். அந்த நிதானம் பெரிய சொத்து.

விடாமல் நிற்பது என்றால் என்ன என்று இரணைதீவுச் சனம் காட்டியது. 1992இல் இடம்பெயர்ந்தவர்கள். போர் முடிந்த பிறகும் கடற்படை அவர்களின் தீவில் இருந்தது. 2017 மே 1ஆம் திகதி இரணைமாதா நகரில் போராட்டம் தொடங்கினார்கள். வெயிலிலும் மழையிலும் வருடம் ஓடியது. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தங்கள் வள்ளங்களில் ஏறித் தாங்களே தீவில் போய் இறங்கினார்கள். இறங்கியதும் இடிந்துகிடந்த தங்கள் தேவாலயத்தில் முழந்தாளிட்டுச் செபித்தார்கள். ஒரு கல் எறியப்படவில்லை. முன்னால் நின்றவர்களில் பெருந்தொகை பெண்கள். இன்று அங்கே அவர்கள் தொழில் செய்கிறார்கள்.

கோபத்துக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாட்டைப் புங்குடுதீவு எங்களுக்குக் கண்ணீரோடு கற்பித்தது. 2015 மே 13ஆம் திகதி பள்ளிக்கூடம் போன மாணவி ஒருத்தி கொடூரமாகக் கொல்லப்பட்டாள். வடக்கெங்கும் சனம் எழுந்தது. எழுந்தது சரி. நானும் அன்று வீதியில் நின்றேன். ஆனால் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின் மேல் கல் விழுந்த நாளில் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள், கல்லெறியால் வழக்கு ஓர் அங்குலமும் நகரவில்லை. வழக்கை நகர்த்தியவர்கள் பயத்தை அடக்கிக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள், தடயத்தைப் பொறுமையாகச் சேர்த்தவர்கள். மூன்று தமிழ் நீதிபதிகள் இருந்த தீர்ப்பாயம் 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ஏழு பேரைக் குற்றவாளிகளாகக் கண்டு தண்டித்தது. எங்கள் மண்ணில் சாட்சி சொல்வது எவ்வளவு பெரிய துணிவு என்பதை அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் துணிவுக்கு விலையும் உண்டு. 2006 ஓகஸ்ட்டில் அல்லைப்பிட்டியில் ஷெல் விழுந்து பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சமிருந்தவர்கள் இறந்தார்கள். பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார் எஞ்சிய சனத்தைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக ஓடித் திரிந்தார். அதே மாதம் 20ஆம் திகதி அவரும் அவரோடு போன ஒருவரும் காணாமல் போனார்கள். இன்றுவரை திரும்பவில்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களுக்கும் நீதி கிடைக்கவில்லை. இவற்றுக்கு என்னிடம் ஆறுதல் வார்த்தை இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: வருடா வருடம் அந்தப் பெயர்களை உரத்து வாசிக்கிற ஊர் தன் மனுவைத் திரும்பப் பெறவில்லை. ஊர் வாசிப்பதை நிறுத்தினால் அன்றைக்கு வழக்கு முடிந்துபோகும்.

இனி எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லாமல் போகக்கூடாது. வெளியே நீதி கேட்ட எங்கள் ஊர்களில் கிணற்றுக்குச் சாதி இருந்தது. தாகத்தோடு வந்தவனைக் கட்டுக்கு அப்பால் நிறுத்தி, மேலேயிருந்து கையில் வார்த்த காலத்தை நான் கண்ணால் கண்டவன். அதற்கெதிராகப் போராடிய சிறுபான்மைத் தமிழர் மகாசபையார் போன்றோரின் உழைப்பும், 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குக் கசந்தன. எங்கள் சனசமூக நிலையத்தின் பழைய மனுக்களிலும் ஊரின் ஒரு பகுதியாருடைய கையெழுத்துத்தான் இருந்தது. மற்றவர்களிடம் கேட்கக்கூட இல்லை. மணல் மனு எழுதிய அன்றுதான் முதன்முதலாக எல்லா வீட்டுப் படியும் ஏறினோம். உப்புத் தண்ணீர் வீடு பார்த்து ஏறவில்லை என்பதால் எங்களுக்கு அந்தப் புத்தி வந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன். ஊர் முழுவதும் கையெழுத்து வைக்காத மனு பாதி மனு.

கணக்கும் அப்படித்தான். வெளிநாட்டிலிருக்கும் எங்கள் பிள்ளைகள் அள்ளி அனுப்புகிறார்கள். கோயில் கோபுரம் ஏறுகிறது, மண்டபம் எழுகிறது, திறப்பு விழாப் பலகை பளபளக்கிறது. வரவு செலவைச் சுவரில் ஒட்டுகிற சங்கம் எத்தனை? பிரதேச சபையிடம் கணக்குக் கேட்கிறவன் முதலில் தன் சங்கத்தின் கணக்கை ஒட்ட வேண்டும். நான் செயலாளராக இருந்த கடைசிப் பத்து வருடமும் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலைக் கதவில் கணக்கு ஒட்டினோம். தேத்தண்ணிச் செலவு உட்பட. அதற்குப் பிறகு எங்களை நோக்கி விரல் நீட்ட யாருக்கும் இடமிருக்கவில்லை.

இன்று தீவகத்தைத் தேடிப் பெரிய திட்டங்கள் வருகின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் தரும் திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு என்றார்கள், 2022இல் இந்தியாவின் நன்கொடையில் என்றார்கள். இரண்டு வல்லரசுகளின் பேச்சில் தீவுச் சனத்தின் குரல் எங்கே கேட்டது? மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நட்டார்கள். மின்சாரமும் வேண்டும், மைதானமும் வரட்டும். எங்கள் பிள்ளைகளும் விளையாட வேண்டும். ஆனால் தாழ்நிலத்து மழைநீர் எங்கே போகும், கண்டற்காட்டுக்கும் பறவைகளுக்கும் என்ன ஆகும், குடிநீர் எங்கிருந்து வரும், சுற்றாடல் மதிப்பீடு எங்கே என்று கேட்க வேண்டியது நாங்கள்தான். கேட்பதை எதிர்ப்பு என்று சொல்பவர்களுக்குப் பயப்படாதீர்கள். வீடு கட்டும் மேசனிடம் அத்திவாரத்தின் ஆழத்தைக் கேட்பவன் வீட்டுக்கு எதிரி ஆகமாட்டான்.

பெரிய மனிதர் வருவார், வந்து எல்லாவற்றையும் திருத்துவார் என்று என் தலைமுறை காத்திருந்தது. வந்தவர்கள் மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். திருத்தம் நடந்த இடங்களிலெல்லாம் ஒரு கொப்பியும், நாலு வீடும், விடாமல் கேட்ட ஒரு பெண்ணும் இருந்ததைத்தான் நான் கண்டேன். ஆகவே பிள்ளைகளே, முகநூலில் கோபப்பட்ட அன்றே ஒரு தாளை எடுத்து அதே விஷயத்தை எழுதுங்கள். திகதி போடுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள், கேள்விப்பட்டதைத் தனியாக எழுதுங்கள். எல்லா வீட்டிலும் கையெழுத்துக் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா போன வருடம் காலமானா. அவவின் கிணற்றுக் கொப்பியை இப்போது க.பொ.த. உயர்தரம் படிக்கும் அவவின் பேத்தி எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. என் றங்குப் பெட்டியையும் இந்தத் தை மாதம் வாசிகசாலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். பின்னேரம் நாலு மணி தொடக்கம் ஆறு மணி வரை திறந்திருக்கும். பூட்டுப் போடவில்லை. வந்து படியுங்கள், உங்கள் ஊர் மனுவை எழுதத் தொடங்குங்கள்.